வாசகசாலைச் சுவரில் ஐந்து சட்டம்: யார் படத்தை மாட்டுவது?

செயலாளர்_பாவம் (இழையைத் தொடங்கியவர்) · திங்கள் இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்துத் திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் எங்க ஊர் வாசகசாலை ஓலைக்கொட்டகையில் தொடங்கி, ஓடாகி, இப்போது கான்கிரீட்டில் வந்து நிற்கிறது. திறப்பு ஆகஸ்ட் 10. குளச்சல் போர் நடந்த நாள் என்பதால் அந்தத் தேதி. ஆசாரி ஐந்து தேக்குச் சட்டம் இழைத்துக் கொடுத்துவிட்டார், கூலி வாங்கவில்லை. சட்டத்துக்குள் யார் என்பதில்தான் கமிட்டி மூன்றாக உடைந்து கிடக்கிறது.

எழுதி வைத்திருந்த பட்டியல்: திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா, அந்த நாட்டுத் தளவாய் (தலைமை அமைச்சர்) வேலுத்தம்பி, ஆங்கிலேய மிஷனரி மீட் ஐயர், அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர், குமரியைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிய நேசமணி. மேலே ஒரு தலைப்பு: 'அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்த நம் மண்ணின் மைந்தர்கள்'. மீட் ஐயரே அந்நியர்தானே என்றார் ஒருவர். அப்படியானால் வைகுண்டர் எதிர்த்தது எந்த அந்நியனை என்றார் இன்னொருவர். பொருளாளர், தான் தந்த இரண்டு ஃபேனையும் கழற்றிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்ட வேண்டாம், அது கமிட்டியிலேயே போதுமான அளவு கிடைக்கிறது.

குளச்சல்_காற்று · திங்கள் இரவு 10.05

இதுல என்ன கொழப்பம்? முதல் சட்டம் மார்த்தாண்ட வர்மாவுக்கு. 1741-ல டச்சுக் கம்பெனிய எங்க கடக்கரையிலயே மண்டி போட வெச்ச ராஜா. டிலனாய்னு ஒரு கேப்டனப் புடிச்சி, அவனையே நம்ம படைக்கு வாத்தியாராக்கினவரு. கரையில பனந்தடிய பீரங்கி மாதிரி சாச்சி வெச்சி, எங்க ஆளுவ துடுப்பத் தோள்ல வெச்சி துப்பாக்கி மாதிரி நின்னாவன்னு எங்க பாட்டா கத சொல்லுவாரு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டே வந்து குளச்சல் வெற்றித் தூணுக்கு மரியாத செய்யுது. வாசகசாலைக்கு மட்டும் என்ன சங்கடம்?

ஓய்வு_வாத்தியார் · செவ்வாய் காலை 6.15

காற்று தம்பி, தூணை நானும் கும்பிட்டவன்தான். ஆனால் சண்டை எதற்காக என்று பார்க்க வேண்டும். மிளகுக்காக. டச்சுக்காரன் கேட்டது மிளகில் ஏகபோகம். தோற்றுப்போனபின் அந்த ஏகபோகத்தை அரசரே எடுத்துக்கொண்டார். கொடியில் மிளகு பறித்தவனுக்கு, விலை சொல்கிறவன் மாறினான், அவ்வளவே. இன்னொன்று, அஞ்சுதெங்கில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த ஆங்கிலேயக் கம்பெனியோடு 1723-லேயே, இளவரசராக இருந்தபோது, இதே மார்த்தாண்ட வர்மா உடன்படிக்கை செய்திருந்தார். ஒரு கம்பெனியை அடிக்கையில் இன்னொரு கம்பெனி கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தது.

டிலனாய் கல்லறை புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள்ளே இருக்கிறது. 1777-இல் செத்தார். கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கும். வட்டக்கோட்டையைப் புதுப்பித்தவரும் அவரே. அவரால் கிறிஸ்தவரான தேவசகாயம் பிள்ளையை 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றது அதே அரசரின் ஆட்சி. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1750-இல், நாட்டையே பத்மநாப சாமிக்கு எழுதி வைத்திருந்தார்கள். அதற்குப்பின் அரசனை எதிர்த்தால் அது ராஜ துரோகம் மட்டும் இல்லை, சாமி குத்தமும்தான். இவ்வளவையும் ஒரு சட்டத்துக்குள் அடைக்க முடியுமா என்று செயலாளர் யோசிக்கட்டும்.

(காலை நடைக்குப் போக வேண்டும், மீதி பிறகு.)

தலக்குளம்_பேரன் · செவ்வாய் காலை 8.50

வாத்தியார் எல்லாரையும் உரிச்சி உப்பு தடவுறது வழக்கம்தான். வேலுத்தம்பிய என்ன சொல்லப் போறீங்க? எங்க ஊர்க்காரர். காரியக்காரரா (தாசில்தாரா) இருந்தவர். 1799-ல வரிக் கொடுமை செஞ்ச அமைச்சனுங்களுக்கு எதிரா ஊரைத் திரட்டிக்கிட்டு திருவனந்தபுரம் வாசல்ல போய் நின்னவர். 1809 ஜனவரியில குண்டறையில அறிக்கை விட்டு வெள்ளைக்காரனுக்கு எதிரா ஆயுதம் எடுத்தவர். பிப்ரவரி 10-ல ஆரல்வாய்மொழி அரணை அவன் படை உடைச்சி உள்ளே வந்தப்பொறவு ஓடி ஓடி மண்ணடியில உயிர விட்டார். பிணத்தைக்கூட விடல, கண்ணம்மூலையில கட்டித் தொங்கவிட்டான். தலக்குளம் வீட்ட இடிச்சான். இவரையும் வேண்டாம்னா சட்டத்துல காலண்டர் மாட்டுங்க.

ஓய்வு_வாத்தியார் · செவ்வாய் காலை 9.30

வேலுத்தம்பியை வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அவர் வீரத்தில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் வருடத்துக்கு 8 லட்சம் ரூபாய் கப்பம் என்று 1805-இல் கையெழுத்தான உடன்படிக்கை அவர் தளவாயாக இருந்தபோது வந்தது. தன் நாயர் படையே கலகம் செய்தபோது கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ரெசிடென்ட் மெக்காலேயின் துணையோடு அடக்கிவிட்டு, அந்தத் துணைக்கு விலையாக வந்த காகிதம் அது. நாலு வருடத்தில் பாக்கி ஏறி, கழுத்தை நெரித்து, அப்புறம்தான் குண்டறை. கூட்டி வந்தவரே விரட்டப் போனார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்த எவனுக்கும் இதுதான் கதி, கம்பெனியைத் தொடாமல் ஆள முடியாது, தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும்.

அறிக்கையை முழுதாகப் படித்தவர்கள் இங்கே யார்? வெள்ளைக்காரன் நாட்டைப் பிடித்தால் கோயிலில் சிலுவையும் கொடியும் ஏறும் என்று எச்சரித்துவிட்டு, சாதி வேற்றுமை பாராமல் பிராமணப் பெண்களோடு உறவு வைப்பார்கள், சாதி ஆசாரம் கெட்டுப்போகும் என்றும் அதே மூச்சில் சொல்கிறது. அடிமையாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த புலையனும் பறையனும் அதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பான்?

தலக்குளம்_பேரன் · செவ்வாய் காலை 9.41

1809-ல இருந்த ஆளை இன்னைக்குள்ள தராசுல நிறுக்கிறது நியாயமா?

வடசேரி_அக்கா · செவ்வாய் மதியம் 1.20

தராசு இன்றைக்குள்ளது இல்லை, தம்பி. அன்றைக்கே இருந்தது. மயிலாடிக்காரர் மகாராசன் வேதமாணிக்கம் கையில் இருந்தது. கோயிலுக்குள் நுழைய முடியாத ஆள், தஞ்சாவூர் வரை போய் வேதம் கற்று வந்து, 1806-இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி ஐயரை இங்கே வரவழைத்தார். ஐயர் ஜெர்மன்காரர். ஆலயம் கட்ட அனுமதி கேட்டுக் கேட்டு அலைந்தார், கிடைக்கவில்லை. எப்போது கிடைத்தது? 1809-இல், வேலுத்தம்பி வீழ்ந்த பிறகு. அதே வருடம் மயிலாடியில் ஆலயம். ஸ்காட் கல்லூரி தன் பிறப்பை எண்ணுவதும் 1809-இலிருந்து. வைகுண்டர் பிறந்ததும் 1809. ஒரு கூட்டத்துக்கு இழவு விழுந்த வருடம் இன்னொரு கூட்டத்துக்கு வாசல் திறந்த வருடம். இந்த மாவட்டத்துப் பஞ்சாங்கம் அப்படி.

செயலாளர் அண்ணாச்சி, அந்தத் தலைப்பை முதலில் அழியுங்கள்.

குளச்சல்_காற்று · செவ்வாய் மதியம் 1.34

அக்கா, அப்பம் வெள்ளக்காரன் நல்லவன்னு சொல்லுகியளா? நேரடியா சொல்லுங்க.

வடசேரி_அக்கா · செவ்வாய் மதியம் 3.05

நேரடியாகவே சொல்லுகேன், கொஞ்சம் நீளும்.

ரெசிடென்டும் திவானுமாக இருந்த மன்றோ, கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் (மேல்சட்டை) போடலாம் என்று 1814-இல் உத்தரவு போட்டார். நல்ல காரியம். ஆனால் யாருக்கு? மதம் மாறியவர்களுக்கு மட்டும். மாறாத தங்கச்சி அதே வீட்டில் அதே பனையடியில் திறந்த மாரோடு நிற்க வேண்டும். 1822-இல் கல்குளம் பக்கம் சந்தைக்குப் போன பெண்களின் துணியைக் கிழித்தார்கள். அப்புறம் 1827 தொடங்கி 1829 வரை. மூன்றாவது சுற்று 1858-இல். அதற்குக் காரணத்தைக் கேளுங்கள். சிப்பாய்க் கலகம் முடிந்து 1858 நவம்பரில் விக்டோரியா ராணி ஓர் அறிக்கை விட்டாள், உங்கள் மதத்திலும் வழக்கத்திலும் இனி தலையிட மாட்டோம் என்று. இங்கே மேல்சாதிக்காரர்கள் அதைப் படித்த விதம் வேறு: பழைய வழக்கம் திரும்பிவிட்டது, இனி துணியை உருவலாம். ராணியின் தாராளத்துக்கு எங்கள் பெண்கள் அடி வாங்கினார்கள். பள்ளிக்கூடமும் ஆலயமும் எரிந்தன.

மிஷனரிகள் சென்னை கவர்னர் ட்ரெவெலியனுக்கு எழுதினார்கள். அவர் ரெசிடென்ட் கல்லனை அழுத்தினார். கல்லன் எப்போதும் அரண்மனைப் பக்கம் சாய்கிற ஆள். கடைசியில் 1859 ஜூலை 26-இல் அரச அறிக்கை வந்தது. அதிலும் கொடுத்ததைப் பாருங்கள்: சாணார் பெண்கள் ரவிக்கை போடலாம், முக்குவத்திகள் (மீனவப் பெண்கள்) மாதிரி முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது. விடுதலைப் பத்திரத்திலேயே வேலி கட்டிக் கொடுத்தார்கள்.

வெள்ளைக்காரன் நல்லவனா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எட்டு லட்சம் தவறாமல் வரும்வரை எங்கள் மார்பு மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று கம்பெனிக்குக் கவலை இருந்ததில்லை என்பது தெரியும். அதே வெள்ளைக்காரக் கூட்டத்தில் மால்ட் அம்மா 1820களில் லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்ததும், அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் தங்களையே விலைக்கு வாங்கிக்கொண்டதாக மிஷன் பதிவுகள் சொல்வதும் தெரியும். நானும் சின்ன வயசில் லேஸ் தலையணைமேல் குனிந்து கழுத்து நொந்தவள். இங்கிலாந்துக்குப் போன லேஸுக்கு அங்கே என்ன விலை, இங்கே என்ன கூலி என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இரண்டும் உண்மை. எதை எதால் கழிப்பது?

முள்ளூர்_மூப்பன் · செவ்வாய் மாலை 4.10

மீட் ஐயர் வேற, கம்பெனி வேறன்னு பிரிக்கிறீங்க. மீட் 1818-ல நாகர்கோவில் வந்த கையோட கொஞ்ச காலம் நீதிபதி நாற்காலியிலும் உக்காந்தார், தெரியுமா? காலையில பிரசங்கம், மதியம் தீர்ப்பு. இதைச் சொன்னா எங்க சபையில எனக்குத் திருவிருந்தே கெடைக்காது. அதனாலதான் இங்க வந்து புனைபெயர்ல சொல்லுகேன்.

வடசேரி_அக்கா · செவ்வாய் மாலை 4.22

தெரியும் மூப்பரே. அதுவரை அந்த நாற்காலியில் இருந்தவர்கள் முன்னால் எங்கள் ஆட்கள் எத்தனை அடி தள்ளி நின்று வழக்கு சொன்னார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பதி_வாசல் · செவ்வாய் மாலை 6.45

எல்லாரும் அய்யாவை ஒரு வரியில கடந்து போறீங்க. இந்தக் கேள்விக்கு நேரா நின்னவர் அவர் ஒருத்தர்தான். திருவிதாங்கூர் ராஜாவைக் கலிநீசன்னார். வெள்ளைக்காரனை வெண்ணீசன்னார். ஒருத்தனைக் காட்டி இன்னொருத்தன்கிட்ட அடைக்கலம் கேக்கல. சுவாதித் திருநாள் காலத்துல சிங்காரத்தோப்பு சிறையில போட்டாங்க. வெளியே வந்து, தலைப்பாகை கட்டக்கூடாதுன்னு விலக்கி வெச்ச ஜனத்தைத் தலைப்பாகை கட்டித்தான் கும்பிட வரணும்னார். எல்லாரும் ஒரே கிணத்துல குளி, ஒண்ணா உக்காந்து சாப்பிடுன்னார். கண்ணாடிக்கு முன்னால நிக்கவெச்சார். நான் கேக்கிறது இவ்வளவுதான்: அஞ்சு சட்டத்துலயும் கண்ணாடி மாட்டிருங்க.

செயலாளர்_பாவம் · செவ்வாய் மாலை 7.02

பதி அண்ணாச்சி, யோசனை கவிதைக்கு நன்றாக இருக்கும். எங்கள் ஊர்ப் பையன்கள் தலை சீவுவார்கள்.

ஓய்வு_வாத்தியார் · செவ்வாய் இரவு 8.15

பதி வாசல் சொன்னதில் ஒரு சின்னச் சிக்கல். அய்யாவை உள்ளே தள்ளியவர்கள் கொண்ட பயத்தைப் போலவே மிஷனரிகளும் அவரைப் பயந்தார்கள். சபைக்கு வர வேண்டிய கூட்டம் சாமித்தோப்புக்குப் போகிறதே என்று அவர்கள் எழுதியது பதிவில் இருக்கிறது. வெண்ணீசனை மறுப்பது என்றால் வெண்ணீசன் திறந்த பள்ளிக்கூடத்தையும் மறுப்பதா? அய்யாவழி வீட்டுப் பிள்ளைகளும் பின்னாளில் மிஷனரி ஐயர்மார் பள்ளியில் படித்தே வக்கீலானார்கள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. பசிக்கிறவன் சோற்றை வடித்தவன் யாரென்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டான், சாப்பிட்டு முடித்தபின் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

நிர்வாகி · செவ்வாய் இரவு 8.40

சாதிப் பெயர் சொல்லித் தனிநபரைத் திட்டிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. வரலாற்றைப் பேசுங்கள், பக்கத்து வீட்டை விட்டுவிடுங்கள்.

கடியபட்டணம்_வலை · செவ்வாய் இரவு 11.30

கடலுக்குப் போகலை இன்னைக்கு, காத்து சரியில்லை. அதனால எழுதுகேன்.

1859 அறிக்கையில "முக்குவத்தி மாதிரி"ன்னு ஒரு சொல் வந்ததே, அக்கா அதைச் சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டாவ. அந்த முக்குவத்தி எங்க பாட்டி. உங்க விடுதலைக்கு அளவுகோலா எங்க முரட்டுத் துணிய எடுத்தாவ. நாங்க அந்த வேலிக்குள்ளயே கெடக்கோம்னு எழுத்துலயே உண்டு. உங்க அஞ்சு சட்டத்துல கடக்கரை ஆளு ஒருத்தனாவது உண்டா? சவேரியார் 1544-ல எங்க கரையில ஞானஸ்நானம் குடுத்தார், போர்த்துகீசுக்காரன் பின்னாலயே வந்தான், முத்தும் மிளகும் பாத்தான். நாங்க எப்பவும் கணக்குப் புத்தகத்துலதான் வந்திருக்கோம், படத்துல வந்ததில்ல.

நீங்க 1809, 1859-ன்னு பேசுறது எல்லாம் முடிஞ்ச கத. எங்க ஊர் மண்ணுல முடியலை. மணவாளக்குறிச்சி மண்ணக் கேளுங்க. 1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரன். திருவிதாங்கூர்ல இருந்து கப்பல்ல போன கயித்துல ஒட்டியிருந்த மணல அங்க சோதிச்சிப் பாத்தான். மோனசைட்னு ஒரு கனிமம். அந்தக் காலத்துல கேஸ் விளக்கு மாண்டிலுக்கு (சுடரைச் சுத்தின வலைக்கு) அதுல உள்ள தோரியம் வேணும், பிரேசில்காரன் கையிலதான் ஏகபோகம். உடனே இங்க வந்து ஆலை போட்டான். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன்காரனைப் புடிச்சி உள்ள போட்டு ஆலைய இங்கிலீஷ்காரன் எடுத்தான். மாண்டில் வியாபாரம் படுத்தபொறவு வெள்ளைப் பெயின்டுக்கு இல்மனைட். பொறவு அணுகுண்டு காலம், திரும்பவும் தோரியம். 1947 ஜூன்ல திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் தனி நாடுன்னு அறிவிச்சாரே, அந்தத் தைரியத்துக்குப் பின்னால இந்த மண்ணும் உண்டு, பிரிட்டனோட மோனசைட் வியாபாரம் பேசிட்டிருந்தார். சுதந்திரம் வந்தது. 1950-ல அரசு கம்பெனி, 1965-ல மணவாளக்குறிச்சி ஆலை அதுக்குக் கீழ. 2024-ல கிள்ளியூர் தாலுகாவுல 1,144 ஹெக்டேர் தோண்டணும்னு வந்து, ஊரெல்லாம் எதிர்த்து, கருத்துக் கேட்பைத் தள்ளி வெச்சாவ.

ஜெர்மன்காரன் கேட்கல. இங்கிலீஷ்காரன் கேட்கல. நம்மாளு கருத்துக் கேட்பு வெக்கிறேன்னாவது சொன்னான், அது வித்தியாசம்தான், இல்லங்கலை. ஆலையில வேலை பாக்கிறவன் எங்க சொந்தக்காரனும் உண்டு, அவன் வீட்டு அடுப்பு அதுலதான் எரியுது. அந்நிய ஆதிக்கம்னு பலகை எழுதுறதுக்கு முன்னால எங்க கரைக்கு வந்து ஒருதடவை அந்தக் கறுப்பு மண்ணக் கையில அள்ளிப் பாருங்க. நல்ல கனமா இருக்கும்.

செயலாளர்_பாவம் · புதன் காலை 7.10

வலை அண்ணாச்சி, உங்கள் பதிவைக் கமிட்டியில் உரக்க வாசித்தேன். பொருளாளர் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

பால்வெட்டு_கீரிப்பாறை · புதன் காலை 10.25

ரப்பர் பால் வெட்டிட்டு வந்து, சிரட்டை எல்லாம் எடுத்து முடிச்சி, இப்பத்தான் பாக்குறேன். கடற்கரை ஆளாவது கணக்குப் புத்தகத்துல இருந்தாரு. எங்களை அதுலயும் அடிச்சிட்டாங்க.

வெள்ளைக்காரன் அசம்பு மலையில 1860களில் காப்பி போட்டான், இலை நோய் வந்து போச்சு, பிறகு தேயிலை, ரப்பர். கடலுக்கு அந்தப்பக்கம் சிலோன் தோட்டத்துக்குப் போனவங்க எங்க ஆளுங்க, தென் திருவிதாங்கூரில் இருந்தும் போனாங்க. அவன் கொடி இறங்கின வருஷமே, 1948-ல, சிலோன் அரசு குடியுரிமைச் சட்டம் போட்டு எங்களை நாடு இல்லாதவங்க ஆக்கிச்சு. 1964-ல சாஸ்திரியும் சிறிமாவோவும் உக்காந்து பிரிச்சாங்க: இந்தியா உனக்கு 5,25,000 பேர், சிலோன் எனக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரை அப்புறம் பாக்கலாம். தலை எண்ணிப் பிரிச்சது வெள்ளைக்காரன் இல்ல, அதைக் கவனிங்க. திரும்பி வந்தவங்களுக்கு வேலை குடுக்க இங்க அரசு ரப்பர் தோட்டம், 1984-ல கழகம் ஆச்சு. எங்க அப்பா கண்டியில பிறந்தவர், கீரிப்பாறையில செத்தார். ரெண்டு மலையிலயும் லயன் வீடுதான். இன்னைக்கும் சந்தையில எங்களை சிலோன்காரங்கன்னுதான் சொல்றாங்க.

படத்துக்கு நான் யாரையும் சொல்லல. அந்த அஞ்சு பேர்ல எங்களுக்குத் தெரிஞ்ச ஆள் கிடையாது.

நெய்யாற்று_வாய்க்கால் · புதன் மதியம் 12.40

விளவங்கோட்டுக்காரன் எனக்கு நேசமணி இல்லாத சுவர் சுவரே இல்லை. வக்கீல்கள் சங்கத்தில் தனித்தனி தண்ணீர்ப் பானை இருந்ததை எதிர்த்த மனுஷன். 1954 ஆகஸ்ட் 11-இல் தமிழகத்தோடு சேரக் கேட்டவர்களை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுட்டபோது ஆண்டது வெள்ளைக்காரன் இல்லை, சுதந்திர இந்தியாவின் பட்டம் தாணு பிள்ளை. 1956 நவம்பர் 1-இல் நாலு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. ஆனால் நெய்யாற்று இடதுகரை வாய்க்காலின் தலை கேரளத்தில், வால் இந்தப் பக்கம். 2004-இலிருந்து தண்ணீர் இல்லை. வாய்க்காலில் இப்போது ஆடு மேய்கிறது. எல்லை வேண்டும் என்று நாமே கேட்டோம், அதனால் திட்டவும் ஆளில்லை.

மின்ச்சின் சாயிப்புக்கு ஒரு சட்டம் கேட்கலாமா என்று நினைத்தேன். அவர் கட்டிய பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது, நாஞ்சில் நாட்டு வயல் இன்றும் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. அவர் கல்லறை அணைக்கரையிலேயே இருக்கிறது. பிறகு, காட்டில் இருந்த காணிக்காரர்களை யாராவது கேட்டார்களா என்று நினைவு வந்தது. விட்டுவிட்டேன்.

தலக்குளம்_பேரன் · புதன் மாலை 5.50

ரெண்டு நாளா படிச்சிட்டே இருக்கேன். நேத்து வாத்தியார்மேல வெப்ராளத்துல எழுதிட்டேன், மன்னிக்கணும். ஒரு யோசனை. ஆளுங்க படமே வேண்டாம். குண்டறை அறிக்கையையும் 1859 அறிக்கையையும் பெரிய எழுத்துல அச்சடிச்சி ரெண்டு சட்டத்துல பக்கத்துல பக்கத்துல மாட்டுவோம். எங்க ஆளு எழுதினதை எல்லாரும் முழுசா வாசிக்கட்டும், சாதி பத்தி எழுதின வரியும் சேத்து.

வடசேரி_அக்கா · புதன் மாலை 6.05

நான் ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவதில் 1964 ஒப்பந்தத்தின் அந்தக் கணக்கு இருக்கட்டும். கீரிப்பாறைத் தம்பியின் பதிவைப் படித்தபின் எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

குளச்சல்_காற்று · புதன் மாலை 6.11

அப்பம் எங்க ராஜா?

கடியபட்டணம்_வலை · புதன் மாலை 6.20

நாலாவதுல குளச்சல் போர் படம் போடு மக்கா. ஆனா துடுப்பு புடிச்சவன் முன்னால நிக்கணும், ராஜா பின்னால.

செயலாளர்_பாவம் · வியாழன் இரவு 9.15

கமிட்டி இன்று கூடியது. இரண்டு அறிக்கையும் 1964 கணக்கும் தேறின. நாலாவது, துடுப்புப் படம், வரைய ஆள் தேடுகிறோம். ஐந்தாவதில் அய்யாவா நேசமணியா என்று ஓட்டெடுத்தோம், சமம். அதனால் அந்தச் சட்டம் இப்போதைக்கு என் வீட்டுப் பரணில். பழைய தலைப்பை அழித்தாகிவிட்டது, புதிதாக எதுவும் எழுதவில்லை. ஃபேன் இரண்டும் ஓடுகின்றன.

ஒரு உதவி வேண்டும். குண்டறை அறிக்கையின் மலையாளப் பிரதி கிடைத்திருக்கிறது. கமிட்டியில் மலையாளம் பேச எல்லாருக்கும் வரும், வாசிக்க ஒருவருக்கும் வராது. ஒழுங்காகத் தமிழில் பெயர்த்துத் தர யாராவது உண்டா?

நெய்யாற்று_வாய்க்கால் · வியாழன் இரவு 9.50

எனக்க பாட்டாவுக்கு வயசு 84. 1956-க்கு முந்தி மலையாளப் பள்ளிக்கூடத்துல படிச்ச ஆளு. தமிழும் தெரியும், கண்ணாடி போட்டா இப்பவும் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில தக்கலை பஸ்ஸுல கூட்டிட்டு வாறேன். திங்கள்சந்தையில இறங்கி எந்தப் பக்கம் நடக்கணும்னு சொல்லுங்க, அவருக்கு முட்டுவலி உண்டும்.